எங்கே என்று கேட்ட காலை

டேனிஷ் மொழியில் நாங்கள் முதன்முதலாகப் படித்த முழு வாக்கியம் "வோ ஸ்கல் டு ஹென்?" நீ எங்கே போகிறாய் என்று பொருள். டென்மார்க்கின் பிராண்டே நகரில், அகதிகளாக வந்த எங்களுக்கான மொழிப்பள்ளி ஆசிரியை ஒவ்வொருவராக எழுப்பி அதைக் கேட்டார். முதல் வரிசையில் இருந்தவருக்கு முகம் கறுத்துவிட்டது. இரண்டாமவர் தனக்குக் கேட்காததுபோல் யன்னலைப் பார்த்தார். ஊரில் தபாலதிபராக இருந்த மூத்தவர் ஒருவர் என் பக்கம் சாய்ந்து, "தம்பி, இந்தப் பிள்ளையை வேறை ஏதும் கேக்கச் சொல்லும்" என்றார்.

யாழ்ப்பாணத்தில் வெளிக்கிட்டு நிற்கிறவனைப் பார்த்து எங்கே என்று கேட்பதில்லை. கேட்டால் போகிற காரியம் கெடும், போகிற ஆளுக்கும் கூடாது. "தூரமோ?" என்று கேட்கலாம். "இல்லை, கிட்டத்தான்" என்று பதில் சொல்லலாம். அந்தக் கிட்ட என்பது பக்கத்து ஒழுங்கையாகவும் இருக்கலாம், கொழும்பாகவும் இருக்கலாம். தப்பித் தவறி யாராவது எங்கே என்று கேட்டுவிட்டால், திரும்பி வீட்டுக்குள் போய் இருந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் புதிதாகப் புறப்பட வேண்டும்.

இதையெல்லாம் ஆசிரியைக்கு விளங்கப்படுத்துகிற அளவுக்கு எங்களிடம் டேனிஷ் இருக்கவில்லை. தமிழர்கள் வெட்கப்படுகிறவர்கள் என்று அவர் முடிவுகட்டினார். குளிர்காலம் முடிவதற்குள் வெட்கம் போய்விட்டது. பஸ் நிலையத்திலும் கடை வாசலிலும் ஒருவரை ஒருவர் அந்த வாக்கியத்தால் விசாரிக்கத் தொடங்கியிருந்தோம். டேனிஷில் கேட்டால் தோஷமில்லை என்று தபாலதிபரே தீர்ப்புச் சொன்னார். எனக்கு அது தமிழிலும் வாய் தவறி வரத் தொடங்கியது.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. நான் வேலை செய்த துணி ஆலை ஜூலையில் மூடும். அந்த விடுமுறைக்குத்தான் பிரான்சுக்குப் போனேன். என்னோடு ஒன்றாகப் படித்தவன் அங்கே பிரனீஸ் மலையில் ஒரு கிராமத்து விடுதியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தான். ஊரில் ரியூட்டரியில் கணிதம் படிப்பித்தவன். மலை ஏறலாம் வா என்று பலமுறை கூப்பிட்டிருந்தான். எனக்கு மலை அனுபவம் உண்டு என்று நானும் பெருமையாகச் சொல்லியிருந்தேன். மொழிப்பள்ளி எங்களைச் சுற்றுலா கூட்டிப்போன இடம் ஒன்று இருந்தது. டேனிஷ்காரர் அதற்கு வான்மலை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். உச்சியில் நின்று கோப்பி குடித்து முடித்த பிறகு, "அப்ப மலை எப்ப வரும்?" என்று எங்களில் ஒருவர் கேட்டார்.

தட்டையான ஊரில் பிறந்து தட்டையான நாட்டுக்கு வந்தவனுக்கு உண்மையான மலை முதலில் எரிச்சலைத்தான் தந்தது. எங்கே திரும்பினாலும் முன்னால் நின்று மறைத்தது. சூரியன் பிந்தி வந்து முந்திப் போனது. நண்பனோ ஆட்டுக்குட்டிபோல் துள்ளிக்கொண்டு திரிந்தான். விறகுக் கொட்டிலுக்கு மேலே அவனுக்கு ஒரு அறை. அதில் எனக்கும் ஒரு பாய் விரித்தான்.

விடுதிக்காரி அறுபது வயதிருக்கும் ஒரு விதவை. ஊரே அவவை மதாம் என்றுதான் கூப்பிட்டது. அகன்ற தோள், பெரிய குரல், எந்நேரமும் இடுப்பில் ஏப்ரன். மலைக்குப் புறப்படுகிற எவரையும் வாசலில் மறித்து, "ஊ?" என்று கேட்பா. பிரெஞ்சில் எங்கே என்பதற்கு அவ்வளவுதான் சொல். அது அந்த ஊரின் வழக்கம். மேலே பனிப்புகார் இறங்கினால் கைக்கெட்டுகிற பாறையும் தெரியாது. யார் எந்தப் பக்கம் போனார்கள் என்று கீழே ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

முதல் நாள் காலை நானும் நண்பனும் சப்பாத்துக் கட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தோம். மதாம் கேட்டா. நண்பன் பணிவாக இடத்தின் பெயரைச் சொன்னான். பிறகு அப்படியே திரும்பிக் குசினிக்குள் போய், கதிரையில் இருந்து, ஒரு கோப்பை தண்ணீர் குடித்துவிட்டு வந்தான். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. சோதனைக்கு வேண்டுமென்றே ராகுகாலத்தில் புறப்பட்டுப் போய் முதலாம் பிரிவில் சித்தியடைந்த ஆள் இவன். பல்லி சொன்னாலும் பூனை குறுக்கே போனாலும் ஊரையே நக்கலடித்தவன்.

"உனக்கென்னடா நடந்தது?" என்றேன்.

"பேசாமல் வா" என்றான்.

விடுதியில் இரவுச் சாப்பாட்டுக்குத்தான் அவனுக்கு வேலை, பகலில் மலைக்குப் போவோம்; ஒவ்வொரு காலையும் இது நடந்தது. மதாம் கேட்க, அவன் சொல்ல, திரும்பிப் போய்த் தண்ணீர் குடிக்க. மதாம் இதைக் கவனித்து வைத்திருந்தா. இவ்வளவு தாகம் எடுக்கிறவனுக்குச் சீனி வியாதிதான் இருக்க வேண்டும் என்று முடிவுகட்டி, அவனுடைய கோப்பிக்குச் சீனியை நிறுத்தினா. காலையில் பாணுக்கு வைக்கிற அப்ரிகொட் ஜாம் என் பக்கத்துக்கு மாறியது. நான் மறுக்கவில்லை. வந்த விருந்தாளி வைத்ததைச் சாப்பிடுவதுதான் மரியாதை.

அந்த வாரத்தின் நடுவில் கீழ் ஏரிக்குப் போனோம். ஏறும்போது எனக்கு மூச்சு வாங்கியது. அவன் இருபது அடிக்கு ஒருதரம் நின்று, மலையைப் பற்றி எனக்கு வகுப்பு எடுப்பதுபோல் நடித்து, நான் இளைப்பாற நேரம் தந்தான். கழுத்தில் மணி கட்டிய மாடுகள் எங்களைப் பார்த்துக்கொண்டே அசை போட்டன. ஏரி நீலமாக, அசையாமல் கிடந்தது. கரையில் இருந்து பாணும் சீஸும் தின்றோம். மிளகாய்த்தூள் பேணி ஒன்றை அவன் பையிலிருந்து எடுத்தான். சீஸில் மிளகாய்த்தூள் தூவித் தின்பதை மதாம் பார்த்திருந்தால் அடுத்த வியாதியையும் கண்டுபிடித்திருப்பா.

அங்கேதான் சொன்னான். அவனுடைய தம்பி இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டிருக்கிறான். அம்மா கிணற்றடியில் நின்றவ, என்ன நினைத்தாவோ, "எங்கை மோனை?" என்று கேட்டுவிட்டா. தம்பி பதில் சொல்லவில்லை. திரும்பி வந்து தண்ணீர் குடிக்கவும் இல்லை. படலையைச் சாத்திவிட்டுப் போனவன், போனவன்தான். ஆமி பிடித்ததா, இயக்கத்துக்குப் போனானா, யாருக்கும் தெரியாது. சைக்கிளும் வரவில்லை.

"எந்தப் பக்கம் தேடுறதெண்டே தெரியேல்லையடா. ஒவ்வொரு ஆமிக் காம்பாய் ஏறி இறங்கினம். அம்மாவுக்கு அதெல்லாம் கணக்கில்லை. தான் கேட்டதாலைதான் பிள்ளை போனதெண்டு நிக்கிறா."

அம்மா இப்போது கொழும்பில் உறவினர் வீட்டில் இருந்தா. தொலைபேசியில் இவன் எப்போது கூப்பிட்டாலும், சுகம் விசாரித்த பிறகு அந்த ஒரே பேச்சுத்தான். என்ரை வாய்தான், என்ரை வாய்தான். சாப்பாடு குறைந்துவிட்டது. கோயிலுக்குப் போவதையும் விட்டுவிட்டா. தனக்குக் கும்பிடுகிற தகுதி இல்லையாம்.

"அப்ப நீயும் நம்புறியோ?" என்று கேட்டேன்.

"எனக்கென்ன விசரே? ஆனா நாளைக்கு எனக்கொண்டு நடந்தா, ஆரும் கேட்டவையோ எண்டுதான் அவ முதல் விசாரிப்பா. கேட்டவை எண்டு தெரிஞ்சா மனிசி தாங்காது. அதுக்குத்தான் இந்தத் தண்ணி."

எனக்கு அவன்மேல் இரக்கம் வந்தது. அந்த அம்மாவின் கையால் எத்தனையோ நாள் புட்டுத் தின்றவன் நான். ஆனால் ஏரிக்கரையில் இருந்து அதற்கு என்ன செய்ய முடியும்? மிச்சப் பாணை மடித்து வைத்துவிட்டு இறங்கினோம்.

அந்த நடையில் என் குதிக்கால்கள் இரண்டும் கொப்பளித்துவிட்டன. டென்மார்க்கில் மலிவு விற்பனையில் எடுத்த சப்பாத்து. அடுத்த நாள் நான் படுக்கையை விட்டு எழும்புவதில்லை என்று தீர்மானித்தேன். நண்பனுக்கு அன்று ஓய்வு நாள். மதாமோ அவனை வைத்தியரிடம் கூட்டிப்போகப் போவதாக முதல் நாளே அறிவித்திருந்தா. ஆகவே விடிந்ததும், சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, பின்பக்கப் படியால் நழுவப் பார்த்தான். படி கிறீச்சிட்டது. நான் கண் விழித்தேன்.

"எங்கையடா?" என்றேன்.

அரைத் தூக்கத்தில் வந்த சொல். மொழிப்பள்ளியின் உபயம் என்றுதான் சொல்ல வேண்டும். அவன் படியில் நின்று திரும்பிப் பார்த்தான். தண்ணீர்க் கூசா குசினியில் இருந்தது, குசினியில் மதாம் இருந்தா.

"மேல் ஏரிக்கு" என்று மெதுவாகச் சொன்னான். "நாசமாப் போவானே, நீயுமே?" என்று சிரித்துவிட்டு இறங்கிப் போனான்.

மத்தியானத்துக்குப் பிறகு புகார் இறங்கியது. முதலில் உச்சிகள் போயின, பிறகு தேவாலயக் கோபுரம், பிறகு எதிர்வீடு. தேநீர் நேரமாகியும் அவன் வரவில்லை. மதாம் என் முன்னால் வந்து நின்று, "ஊ?" என்றா. எனக்குப் பிரெஞ்சு தெரியாது, ஆனால் அந்தச் சொல் தெரியும். விரலால் மேலே காட்டினேன். மேலே என்றால் மூன்று பள்ளத்தாக்குகள். மேசையில் கிடந்த கரித்துண்டால் ஒரு ஏரியும் அதற்கு மேலே இன்னொரு ஏரியும் கீறி, மேலே உள்ளதைத் தொட்டுக் காட்டினேன். மதாம் என் முகத்தைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பி, நிச்சயமா என்பதுபோல் பார்த்தா. "வுய், மதாம்" என்று தலையாட்டினேன்.

நான்கு ஆண்கள் நாயோடும் கயிற்றோடும் புறப்பட்டார்கள். எனக்குக் கால் ஊன்ற முடியாது. வாசலில் இருந்தேன். கீழ் ஏரி என்று சொல்லியிருப்பானோ, நான் தூக்கத்தில் மாற்றிக் கேட்டேனோ என்று அதையே திருப்பித் திருப்பி நினைத்தேன். கோடையில் அங்கே வெளிச்சம் கனநேரம் நிற்கும். அது மங்குவதற்கு முன் கொண்டுவந்துவிட்டார்கள். மேல் ஏரிக்குப் போகிற கற்சரிவில் வழுக்கி விழுந்து, ஒரு பாறைக்குக் கீழே கிடந்திருக்கிறான். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்திருந்தது. கத்திக் கத்திக் குரல் போயிருந்தது. அந்தச் சரிவில் இருந்து கத்தினால் பக்கத்துப் பள்ளத்தாக்குக்குக் கேட்காதாம். அங்கே போய்த் தேடியிருந்தால் எவ்வளவு நடந்தும் பயனில்லை என்று நாய்க்காரர் சொன்னதை மதாம் கையால் எனக்கு விளங்கப்படுத்தினா.

கீழ் நகரத்து ஆஸ்பத்திரியில் காலுக்கு மாவுக்கட்டுப் போட்டு அனுப்பினார்கள். விடுதிக்குத் திரும்பியதும் அம்மாவைக் கூப்பிட வேண்டும் என்றான். எப்படியும் செய்தி பாரிஸில் இருக்கிற எங்கள் ஆட்களைச் சுற்றிக் கொழும்புக்குப் போய்விடும், வேறு வாயால் கேட்பதைவிடத் தானே சொல்வது நல்லது.

"என்னை ஒருத்தரும் கேக்கேல்லை எண்டு சொல்லப்போறன். கேக்காமலே விழுந்தனான் எண்டா, தம்பியின்ரையும் தன்ரை வாயாலை இல்லை எண்டு விளங்கும். நீயும் அப்பிடியே சொல்லு."

"உள்ளதைச் சொன்னா என்ன? நான் கேட்டதாலைதானே நீ கிடைச்சாய்."

"அவவுக்கு முன்பாதிதான் கேக்கும். கேட்டவை, விழுந்தான். அதோடை காது அடைச்சுப்போம்."

அவனுடைய அம்மாவை அவனுக்குத்தானே தெரியும். எனக்கு அரை மனம்தான், என்றாலும் சம்மதித்தேன்.

மதாமின் தொலைபேசி கோப்பி இயந்திரத்துக்குப் பக்கத்தில், சுவரில் இருந்தது. கொழும்பு கிடைக்க வெகுநேரம் எடுத்தது. அவன் ஊன்றுகோலில் சாய்ந்துகொண்டு சொல்லி முடித்தான். மறுமுனையில் அழுகை எனக்கும் கேட்டது. "இல்லையம்மா, ஒருத்தரும் கேக்கேல்லை. சத்தியமாய்" என்று பலமுறை சொன்னான். பிறகு பேசுகிற முனையைப் பொத்திக்கொண்டு, "நம்புறா இல்லை. உன்னோடை கதைக்கோணுமாம்" என்று ரிசீவரை நீட்டினான்.

"அம்மா" என்றேன்.

"மோனை, நீ எனக்குப் பொய் சொல்லமாட்டாய். பிள்ளை வெளிக்கிடேக்கை ஆரும் எங்கை எண்டு கேட்டவையோ?"

"இல்லை அம்மா. ஒருத்தரும் கேக்கேல்லை."

தப்பிவிட்டோம் என்று நினைத்தேன். நண்பன் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"அப்ப அந்த மலையிலை அவன் எந்தப் பக்கம் போனவன் எண்டு எப்பிடிக் கண்டுபிடிச்சவை?"

கணிதம் படித்தவனும் யோசிக்காத கேள்வி. நண்பன் தலையை ஆட்டினான், சொல்லாதே என்று. எனக்கு இனிப் பொய் வரவில்லை.

"நான்தான் கேட்டனான், அம்மா. எங்கை எண்டு கேட்டனான். மேல் ஏரிக்கெண்டு சொல்லிப்போட்டுத்தான் போனவன். அவன் சொன்னபடியாத்தான் தூக்கி வந்தவை."

நண்பன் கண்ணை மூடிக்கொண்டான். மறுமுனையில் அழுகை நின்றிருந்தது. தொடர்பு அறுந்துவிட்டதாக்கும் என்று நினைத்து "அம்மா, அம்மா" என்று கூப்பிட்டேன்.

"நிக்கிறன், மோனை" என்றா. பிறகு யாரிடமோ வழக்குச் சொல்வதுபோல் அந்தக் குரல் வந்தது: "நானும் கேட்டனான்தானே. அவன் சொல்லாமல் போயிட்டான்."