முள்முடி தின்ற பதினோரு நாட்கள்

“தண்ணிக்குள்ள எறங்காம, வெறும் படத்த வச்சே எப்பிடிப்பா சொல்லுவ?” என்று என்னோடு படித்த அவள் கேட்டாள். மதுரையில் எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தேன். என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தபடி, வாயில் பாதிச் சப்பாத்தியோடு கேட்டாள். அதில் ஏளனம் இல்லை என்று இப்போது தெரிகிறது. பவளப்பாறையை ஆராய வந்த ஒருத்தி கடலில் கால் நனைக்காமலே அதன் நோயைச் சொல்லிவிட முடியுமா என்று யாருக்கும் வருகிற சந்தேகம்தான். அன்று என் காதில் விழுந்தது வேறு. வாடிப்பட்டிக்காரியான எனக்குக் கடலைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டதாகவே எடுத்துக்கொண்டேன். “சொல்லிக் காட்டுறேன் பாரு” என்றேன். “சொல்லுப்பா, எனக்கும் வேல மிச்சம்” என்று சிரித்துவிட்டு, டப்பாவிலிருந்த கடைசிச் சப்பாத்தியை என் பக்கம் தள்ளினாள். அந்தச் சப்பாத்தியைத் தின்றேன். அதன் ருசிகூட எனக்கு எரிச்சலாக இருந்தது.

இருவரும் முதுகலை விலங்கியல் படித்தோம். வகுப்பில் அவளை டீச்சர் மகள் என்போம். அவளுடைய அம்மா மிஷன் பள்ளியில் ஆங்கிலம் நடத்தினார். அம்மாவின் அப்பாவும் அங்கேயே ஆசிரியராக இருந்தவர். பழங்காநத்தத்தில் கடைகளுக்கு நடுவே இருந்த அவர்கள் வீட்டுக்கு முதல்முறை போனபோது, முன்னறை நாற்காலியில் ஒரு புத்தகம் விரித்தபடி குப்புறக் கிடந்தது. யாரோ படித்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்து போயிருந்தார்கள். அலமாரி நிறையப் புத்தகங்கள் இருந்தன, அவை என்னை ஒன்றும் செய்யவில்லை. குப்புறக் கிடந்த அந்த ஒன்றுதான் என்னவோ செய்தது. எங்கள் வீட்டில் புத்தகம் என்றால் என் பையில் இருப்பது மட்டும்தான். அப்பாவும் அம்மாவும் நெல் வயலில் கிடப்பவர்கள். குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். முதல் பட்டதாரி என்று தாலுகா அலுவலகத்தில் கொடுத்த சான்றிதழை லேமினேட் செய்து வைத்திருக்கிறேன். இப்போதும் அதை எடுத்துப் பார்த்தால் நிமிர்ந்துதான் உட்காருவேன்.

அவளுடைய ஆங்கிலத்தைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். நீச்சலையும்தான். எங்கள் பக்கம் பையன்கள் கிணற்றில் குதிப்பார்கள், பெண் பிள்ளைகள் கரையில் துணி துவைப்போம். ஆனால் இவற்றைவிட ஆழமாக என்னைக் குடைந்தது வேறொன்று. வகுப்பில் கேள்வி கேட்டால் அவள் கூச்சமே இல்லாமல் “தெரியல மேடம்” என்பாள். தப்பாகச் சொல்லிவிட்டால் “அட, ஆமால்ல!” என்று தலையில் தட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். அவள் தவறு அவளோடு முடிந்துவிடும். நான் ஒன்றைத் தப்பாகச் சொன்னால் எனக்குப் பின்னால் என் அப்பா, அம்மா, ஊர் எல்லோரும் சேர்ந்து தப்பாகச் சொன்னதுபோல முகம் சுடும். அதனால் தெரிந்ததை மட்டுமே பேசினேன், தெரியாததை ஒளித்தேன். தவறு செய்ய அவளுக்கு இருந்த அந்தச் சுதந்திரத்தை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

எங்கள் பேராசிரியை லட்சத்தீவில் ஒரு தீவை ஒட்டிய பவளப்பாறையைக் கண்காணிக்கும் திட்டம் நடத்தினார். “ஒருத்தி கடலுக்கு, ஒருத்தி கம்ப்யூட்டருக்கு” என்று எங்கள் இருவரையும் அதில் சேர்த்தார். யார் எதற்கு என்று கேட்க வேண்டியதில்லை. கோடை முடிந்ததும் நடக்கும் கூட்டத்தில் இருவரும் பேச வேண்டும், ஒருத்திக்குத் திட்டத்தில் ஆய்வாளர் வேலை. அந்த வேலை எனக்கு வேண்டும். அதைவிட, அது அவளுக்குக் கிடைக்கக் கூடாது.

படம் எடுப்பதற்காகப் பிளாஸ்டிக் குழாயில் ஒரு சதுரச் சட்டம் செய்தோம். குழாயை அளந்து வெட்டித் தந்த பழங்காநத்தம் கடைக்காரர், “கோழிக்கூடா பாப்பா?” என்றார். “ஆமாண்ணே, கடல்கோழி!” என்றாள் அவள். பாறையில் எண் கட்டிய இடங்களில் அந்தச் சட்டத்தை வைத்து வாராவாரம் மேலிருந்து படம் எடுத்து அனுப்புவது அவள் வேலை. ஒவ்வொரு படத்திலும் கம்ப்யூட்டர் சிதறிவிடும் புள்ளிகளுக்குக் கீழே இருப்பது உயிருள்ள பவளமா, செத்ததா, பாசியா, மணலா என்று குறிப்பது என் வேலை. முதல் வாரப் படங்களோடு அவள் ஒரு குறிப்பும் அனுப்பினாள்: தண்ணீர் சூடாக இருக்கிறது, பவளம் வெளிறத் தொடங்கிவிட்டது. ஏழாம் எண் இடத்தைப் பற்றி மட்டும் போனில் ஓயாமல் பேசினாள். “மேச மாதிரி விரிஞ்சு கெடக்குப்பா. அதுக்கடியில எம்புட்டு மீனுங்குற! நீ பாக்கணும்.” நீ பாக்கணும் என்று அவள் சொல்லும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இரண்டாம் வாரப் படங்கள் வந்தன. ஏழாம் எண்ணைத் திறந்தேன். போன வாரத்து வெள்ளைத் திட்டின் மேல் பச்சைப் பாசி படிந்திருந்தது. அதை ஒட்டிப் புதிதாக இன்னொரு வெள்ளைத் திட்டு. இரண்டுக்கும் விளிம்பு வெட்டினாற்போல இருந்தது. அதைத் தாண்டிய பவளம் பழுப்பாக, நலமாக இருந்தது. எனக்குப் புகையான் விழுந்த வயல் ஞாபகம் வந்தது. நெல்லின் தூரில் உட்கார்ந்து சாற்றை உறிஞ்சும் பூச்சி அது. தண்ணீர் இல்லாமல் காயும் வயல் மேட்டுப் பக்கம் தொடங்கிச் சீராகக் காயும். புகையான் விழுந்தால் தண்ணீர் நிற்கிற வயலிலேயே நடுவில் வட்டவட்டமாகக் கருகும், நாளுக்கு நாள் வட்டம் நகரும். வெயிலுக்கு விளிம்பு கிடையாது. தின்கிற வாய்க்குத்தான் விளிம்பு உண்டு. படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். மேசைப் பவளத்தின் அடியில், நிழலுக்குள்ளிருந்து முள் நிறைந்த ஒரு கையின் நுனி நீட்டிக்கொண்டிருந்தது.

முள்முடி நட்சத்திர மீன். நீச்சலில் அவளை முந்த முடியாது என்று நூலகத்தில் உட்கார்ந்து அதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்திருந்தேன். இரைப்பையை வாய்வழியே வெளியே தள்ளிப் பவளத்தின் மேல் விரித்து, உயிருள்ள தோலை அங்கேயே கரைத்து உறிஞ்சிவிடும். நகர்ந்த பிறகு வெள்ளைக் கூடு மிஞ்சும். பெரும்பாலும் பகலில் ஒளிந்துகொள்ளும் என்பதால் முக்குளித்தவள் கண்ணில் படவில்லை. ஒன்றிரண்டாக இருந்தால் பாறைக்குக் கெடுதல் இல்லை. வேகமாக வளரும் பவளத்தைத் தின்று, மெதுவாக வளர்வதற்கு இடம்கூட விடும். கூட்டமாகப் பெருகினால் பாறையே வெறும் கூடாகிவிடும். மீன் ஒதுங்க இடமிருக்காது. அந்தத் தீவில் சூரை மீன் பிடிக்கப் போகிறவர்கள் இரைக்கான பொடி மீனை இந்தப் பவளங்களுக்கு நடுவில்தான் அள்ளுகிறார்கள். வெப்பத்தில் வெளிறிய பவளம் தண்ணீர் குளிர்ந்தால் மீண்டுவிடலாம், அதற்குக் காத்திருக்கலாம். முள்முடி வந்திருந்தால் காத்திருக்கக் கூடாது.

அன்று சாயங்காலம் வழக்கம்போலத் தீவிலிருந்து போன் செய்தாள். “என்னப்பா, வித்தியாசமா ஏதாச்சும் தெரியுதா?” என்று கேட்டாள்.

“ஒண்ணுமில்லப்பா. நீ சொன்ன மாதிரி வெளிறல்தான்.”

இவ்வளவுதான் சொன்னேன். நாக்கு தடுமாறவில்லை. கூட்டத்துக்கு இன்னும் பதினோரு நாள் இருந்தது. அவள் எல்லோர் முன்னாலும் வெளிறல் என்று சொல்ல வேண்டும், பிறகு நான் எழுந்து நிற்க வேண்டும். உறுதி செய்துகொள்ளத்தான் காத்திருக்கிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். எங்கள் ஊரில் யார் வயலில் புகையான் கண்டாலும் அன்றைக்கே பக்கத்து வயலுக்குச் சொல்லிவிடுவார்கள். வரப்புத் தகராறில் பேச்சை நிறுத்தின பங்காளிக்கும் ஆள் விட்டுச் சொல்வார்கள். இது எனக்குத் தெரியாத சங்கதி இல்லை. மூன்றாம் வாரப் படங்கள் வந்தபோது ஏழாம் எண்ணில் பாதி வெள்ளையாகியிருந்தது. என் கட்டுரைக்கு இன்னொரு நல்ல சான்று என்று அதைத் தனியாக எடுத்து வைத்தேன்.

கூட்டத்தன்று அவள் வெயிலில் மூக்குத்தோல் உரிந்து வந்து நின்று, வெளிறலைப் பற்றி நன்றாகவே பேசினாள். பிறகு நான் மூன்று வாரப் படங்களையும் வரிசையாக வைத்தேன். கடைசியில் அந்தக் கையின் நுனியைக் காட்டினேன். “கண்ணு இருக்கும்மா உனக்கு!” என்றார் பேராசிரியை. நான் திரும்பி அவள் முகத்தைத்தான் பார்த்தேன். பல நாள் மனதுக்குள் ஒத்திகை பார்த்த முகம் அங்கே இல்லை. “அட, ஆமால்ல!” என்று தலையில் தட்டிக்கொண்டு, எல்லோருக்கும் முன்னால் அவள்தான் கை தட்டினாள். ஜெயித்த சந்தோஷம் பாதிக்கு மேல் அங்கேயே வடிந்துவிட்டது.

வெளியே வராந்தாவில் என் கையைப் பிடித்து, “எப்பப்பா பாத்த?” என்றாள்.

“முந்தாநாள்தான்.”

“நல்லவேள. அப்ப இன்னும் நேரமிருக்கு, இரு” என்று அங்கேயே நின்று தீவுக்குப் போன் போட்டாள். பதினோரு நாளாக நான் செய்யாததை அவள் ஐந்து நிமிடத்தில் செய்து முடித்தாள். அந்த வாரமே திரும்பிப் போனாள். தீவுக்காரர்களோடு சேர்ந்து முக்குளித்து, ஒவ்வொரு முள்முடிக்கும் ஊசி மூலம் வினிகர் ஏற்றிக் கொன்றார்கள். ஊருக்குப் போய் இதைச் சொன்னபோது அப்பா வாயைப் பிளந்தார். “கடலுக்குள்ளயும் புகையானா! மாட்டுக்குப் போடுற மாதிரி ஊசியா போடுறாக? சரி, பாத்த அன்னைக்கே சொல்லிட்டேல்ல தாயி?” என்றார். நான் தட்டைக் கழுவ எழுந்து போய்விட்டேன்.

சில நாள் கழித்து அவளே போன் செய்தாள். “மத்த எடமெல்லாம் ஓரளவு தப்பிச்சிருச்சுப்பா. ஏழாம் நம்பர் போச்சு. ஒரு வாரம் முந்தித் தெரிஞ்சிருந்தா அதக் காப்பாத்திருக்கலாம்” என்றாள். என்னைக் குத்திச் சொல்லவில்லை. அவளுக்கு எதுவும் தெரியாது. அழுகையை அடக்கிக்கொண்டு என்னிடம் ஆறுதல் தேடிச் சொன்னாள். நான் “ஆமாப்பா” என்றேன்.

ஆய்வாளர் வேலை எனக்குக் கிடைத்தது. கடலையே பார்க்காமல் கடலின் நோயைக் கண்டுபிடித்த பெண் என்று என்னைக் கல்லூரியில் புதிதாகச் சேருகிறவர்களுக்குச் சொல்கிறார்கள். நான் படித்த பள்ளியில் மேடையேற்றிச் சால்வை போட்டார்கள்; அம்மா முன்வரிசையில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்தக் கண்டுபிடிப்பு என்னுடையதுதான். அதில் எனக்கு இன்றும் பெருமை உண்டு, அதை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் சொல்லும்போது ஒவ்வொரு முறையும் பதினோரு நாளைத் தாண்டிக் குதித்துத்தான் சொல்லியிருக்கிறேன். அவளோ வேலை போனதற்காக ஒரு நாளும் முகம் சுளிக்கவில்லை. தீவிலேயே தங்கி, மீனவர்களைச் சேர்த்துப் பாறையைக் காவல் பார்க்கும் குழு ஒன்றைத் தொடங்கி, இன்று அதற்குத் தலைவி. அவள் அனுப்பும் படங்களில் தெரியும் அவளுடைய கறுத்த தோள்களைப் பார்த்து இப்போதும் எனக்குப் பொறாமைதான்.

நான் இருந்த திட்டம் முடிந்துவிட்டது. படம் பார்த்துக் குறிக்க அவளுடைய குழுவுக்கு ஓர் ஆள் வேண்டுமென்று அறிவிப்பு வந்தது. வேலை தீவில், அவளுக்குக் கீழே. நீச்சல் தெரியாவிட்டால் அங்கேயே கற்றுக்கொடுப்பார்களாம். விண்ணப்பத்தில் ஒரு கேள்வி இருந்தது: ஆய்வில் நீங்கள் செய்த பெரிய தவறு எது, அதனால் என்ன ஆயிற்று? வருகிற விண்ணப்பங்களையெல்லாம் படிக்கப் போவது அவள்தான். படத்தைப் பார்த்த நாள், சொன்ன நாள், போனில் சொன்ன பொய், வராந்தாவில் சொன்ன பொய், இடையில் செத்த ஏழாம் எண், எல்லாவற்றையும் எழுதினேன். காரணம் என்று வந்த இடத்தில் பொறாமை என்று எழுதினேன். அதை அழித்துவிட்டு, உறுதி செய்யக் காத்திருந்தேன் என்று மாற்றினேன். அதுவும் பொய் என்பதால் திரும்பவும் பொறாமை என்றே எழுதினேன். படித்துவிட்டு அவள் என்னை வேண்டாமென்று சொல்லலாம். மன்னித்தும்விடலாம், மன்னித்தால் அதற்கும் நான் பொறாமைப்படுவேன் என்று எனக்குத் தெரியும். நேற்று மத்தியானம், விண்ணப்பத்தை இன்னொரு முறை படித்துப் பார்க்காமல் அனுப்பிவிட்டேன்.