ஆற்று லொக்கில் சம்பளத்துக்கு நின்ற குணம் தம்பி

குணம் தம்பி இன்று காலை காலமாகிவிட்டார்.

அவருடைய மனைவி ராணிதான் போன் எடுத்துச் சொன்னார். வேலைக்குப் போகச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு இருந்தவராம்... அப்படியே கதிரையில் சாய்ந்துவிட்டார். ஹார்ட் அட்டாக். அறுபது வயது கூட ஆகவில்லை.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். குணம் தேம்ஸ் ஆற்றில் ஒரு லொக் கீப்பர். ஆறு மேட்டில் இருந்து பள்ளத்துக்கு இறங்குகிற இடத்தில், இரண்டு பக்கமும் பெரிய கதவு வைத்த நீளமான தொட்டி ஒன்று கட்டியிருப்பார்கள். அதுதான் லொக். அதற்குள் படகை விட்டு, தண்ணீரை ஏற்றி இறக்கி அனுப்புகிற வேலை. இருபது வருடத்துக்கு மேல் அதே இடம், அதே கதவு.

நான் அங்கே வொலன்டியர். இது நாலாவது சம்மர். லண்டன் டூட்டிங்கில் இருந்து பஸ் மாறிப் போவேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்ட எனக்கு ட்ரெய்னிங் தந்து, லைஃப் ஜாக்கெட் தந்து, செர்டிபிகேட்டும் தந்தார்கள். என் பேத்தி அதை பிரேம் போட்டு ஹோலில் மாட்டியிருக்கிறாள். வீட்டுக்கு வருகிறவர்களை முதலில் அதற்கு முன்னால்தான் இருத்துவேன். பெருமை இல்லை என்றால் பொய்.

முதல் நாள் என்னைப் பார்த்துவிட்டு குணம் கேட்டது இன்னும் காதில் நிற்கிறது.

"அக்கா, சீலையோடயே வந்தனீங்கள்?"

"ஏன் தம்பி, ஆறு பயந்திடுமே?"

"ஆறு பயப்பிடாது. நீங்கள் விழுந்தா நான்தான் குதிக்கோணும். இந்தக் குளிர் தண்ணி எனக்கு ஒத்து வராது."

அடுத்த நாள் பேத்தியின் ட்ரக் பொட்டம் காற்சட்டையைப் போட்டுக்கொண்டு போனேன்...

போன விண்டரில் ஆற்றைப் பராமரிக்கிற ஒபிஸ்காரர் வந்து எங்களைக் கூப்பிட்டு மீட்டிங் வைத்தார்கள். படகு லைசென்ஸ் காசு போதாதாம். சம்பள ஷிப்ட் சிலதைக் குறைத்து வொலன்டியர்களிடம் கொடுக்கப் போகிறார்களாம். யாருக்குக் கூடுதல் நாள் வர ஏலும் என்று கேட்டார்கள்.

முதலில் கை தூக்கியது நான்தான். கிழமைக்கு நாலு நாள் வருவேன் என்றேன். எல்லாரும் கை தட்டினார்கள்.

என் மனதில் அது தொண்டு. கோயிலில் காசு வாங்காமல் வேலை செய்கிற மாதிரி. நல்ல காரியத்துக்கு ஆள் கேட்டால் பின்னுக்கு நிற்கிற பழக்கம் எனக்கு இல்லை.

குணம் கடைசி வரிசை வாங்கில் இருந்தார். கை தட்டினாரா என்று நான் பார்க்கவில்லை.

முடிந்து கார் பார்க்குக்கு வந்தபோது கேட்டார்.

"அக்கா, நீங்கள் கோயில்ல பூக் கட்டுறனீங்கள் எல்லே?"

"ஓம். வெள்ளிக்கு வெள்ளி."

"ஐயருக்குச் சம்பளம் குடுக்கிறதோ?"

"குடுக்காமல்? அந்தாளுக்குக் குடும்பம் இல்லையே?"

அவர் சிரித்தார். கார்க் கதவைத் திறந்து, "ஏறுங்கோ, பஸ் ஸ்டொப்பில விடுறன்" என்றார்.

பஸ்ஸில் பாதி வழி வந்த பிறகுதான் எனக்கு விளங்கியது.

ஏப்ரலில் அவருடைய ஐந்து நாள் மூன்று நாள் ஆனது. மிச்ச இரண்டு நாளும் ஒரு வெயாஹவுஸ் கிடங்கில் பெட்டி தூக்கினார். ஆற்றங்கரையில் அத்தனை வருடம் நின்ற மனிதர்...

ஒருநாள் மன்னிப்புக் கேட்கப் போனேன். வாயைத் திறக்க விடவில்லை.

"விடுங்கோ அக்கா. நீங்கள் தூக்காட்டி வேற ஆரும் கை தூக்கியிருப்பினம்."

ஆறுதலுக்குச் சொன்னாரா, உண்மையைச் சொன்னாரா... தெரியவில்லை.

இரண்டு மாதத்துக்கு முன் நடந்ததையும் எழுதத்தான் வேண்டும். வெயில் என்றால் வொலன்டியர் எட்டுப் பேர் நிற்போம். மழை என்றால் வாட்ஸ்அப்பில் "சொரி, வர ஏலாது" மட்டும் வரும். அன்றைக்கு நல்ல மழை. நானும் குணமும்தான்.

ஒரு வயதான சோடி படகில் வந்தார்கள். கதவை மூடி, தண்ணீரை இறக்க பட்டனை அமத்திவிட்டு, அவர்களுடைய நாய்க்குக் கை காட்டிக்கொண்டு நின்றேன். பின்பக்கக் கயிற்றை அவர்கள் கரையில் இறுக்கிக் கட்டியிருந்ததை நான் கவனிக்கவில்லை.

தண்ணீர் இறங்க இறங்க, படகின் பின்பக்கம் மட்டும் கயிற்றில் தொங்கியது. படகு சரிந்தது. உள்ளே கோப்பை உடைகிற சத்தம். அந்த மனுசி கத்தினார். நான் பட்டனை மறித்துக்கொண்டு நின்றேன்.

குணம் ஓடி வந்து என்னை விலக்கிவிட்டுத் தண்ணீரை நிறுத்தினார். பிறகு மெல்ல மெல்லத் திருப்பி ஏற்றி, கயிற்றை இளக்கி, படகை நேராக்கினார். படகுக்காரரிடம் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை.

பிறகு பிளாஸ்க்கில் இருந்து தேத்தண்ணி ஊற்றித் தந்தார்.

"அக்கா, நாய்க்குப் பிறகு கை காட்டலாம். முதல்ல கயித்தைப் பாருங்கோ."

"தம்பி, நீங்கள் நிக்காட்டி என்ன நடந்திருக்கும்?"

"நிக்கத்தானே சம்பளம் தருகினம்" என்றார். பிளாஸ்க்கை மூடிக்கொண்டு, "மூண்டு நாளைக்கு" என்றார்.

இன்று பின்னேரம் ஒபிஸில் இருந்து எல்லா வொலன்டியருக்கும் மெசேஜ் வந்தது. ஆழ்ந்த கவலையாம். அதற்குக் கீழே, குணத்தின் ஷிப்ட்டுகளை இந்த சம்மர் முடியும் வரை பிரித்துச் செய்ய ஏலுமா என்று ஒரு லிஸ்ட். அதற்குள் இரண்டு பேர் பெயர் போட்டுவிட்டார்கள். பாவம், நல்ல மனிதர்கள்தான்.

ஒரு கீப்பருக்குச் சம்பளம் கொடுத்தால்தான் வருவேன் என்று எனக்குத் தெரிந்த இங்கிலீசில் எழுதினேன். நோ. பே வன் கீப்பர். தென் ஐ கம்.

பேத்தியிடம் காட்டித் திருத்தவில்லை. அப்படியே அனுப்பிவிட்டேன். பதில் இன்னும் வரவில்லை.

இப்போது நெட்டில் ஒரு படகுக்காரர் படம் ஒன்று போட்டிருக்கிறார். லொக் கதவில், ஆள் இல்லாத நாளில் மாட்டுகிற "செல்ஃப் சர்வீஸ்" போர்ட் தொங்குகிறது.

போயிட்டு வாங்கோ தம்பி.