உடையாத மண்டை

உலகச் சண்டை முடிந்தும், சர்க்கார் ரேஷனுக்கென்று குடியானவர்களிடம் கட்டாயமாக நெல் பிடிப்பது நிற்கவில்லை. திருமானூரில் தனியாளாய்ப் பயிர் வைத்த அமிர்தவல்லி வாசலை மறித்து நின்றாள். அதிகாரிகள் அவளை விலக்கிவிட்டு மூட்டைகளை வண்டியேற்றினார்கள். "குடியானவர்கள் மகிழ்ந்து கொடுத்தனர்" என்று ஒரு பத்திரிகை கூசாமல் எழுதியது. படிக்கக் கேட்டவள், "இவன் எந்த வாசல்ல நின்னு பார்த்தான்?" என்று சீறினாள்.

மறுவாரம், சர்க்காரை எதிர்க்கும் பத்திரிகைக்காரர் ஒருவர் வீட்டுக்கே வந்து, அச்சுக்குப் போகுமுன் தான் எழுதியதைப் படித்துக் காட்டினார்: "அமிர்தவல்லியின் மண்டை உடைந்தது."

அவள் தலையைத் தடவிக் காட்டினாள். "எங்கங்க உடைஞ்சிருக்கு?"

"உங்க பக்கம்தானேம்மா எழுதியிருக்கேன்!"

"என் பக்கம் எழுத வேணாங்க. மண்டை நல்லாத்தான் இருக்கு, நெல்லுதான் போச்சு. அதை எழுதுங்க."

அவர் அந்த வரியை அடித்து நீக்கும்வரை, அன்று போலவே வாசலை மறித்து நின்றாள். இந்த முறை அவளை விலக்க ஆளில்லை.