ஆணி படாத துளைகள்

ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையின் தர ஆய்வகத்தில் சேர்ந்த முதல் வருடம் அது. விலங்கியல் படித்தவள் என்பதால் ஆடு, மாடு தவிர எந்தத் தோல் வந்தாலும் என் மேசைக்குத்தான் வரும். அப்படித்தான் மீன்தோலும் வந்தது. சீட்டில் ‘விலாங்கு’ என்று போட்டிருந்தார்கள்.

பதப்படுத்தி, பலகையில் ஆணி அடித்துக் காயவைத்த முதல் தொகுதியைப் பார்த்தேன். விளிம்பில் ஒரு வரிசைத் துளைகள். இரண்டு விரல் உள்ளே இன்னொரு வரிசை. தப்பாக அடித்துப் பிடுங்கி மறுபடி அடித்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். ‘ஆணித் துளை, மூன்றாம் தரம்’ என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

மறுநாள், ஆணி அடிக்கும் அக்கா என் மேசை முன் வந்து நின்றார். திங்கட்கிழமையிலிருந்து வேலைக்கு வர வேண்டாம் என்று மேலாளர் சொல்லிவிட்டாராம்.

“இன்னாம்மா எழுதி வச்சிருக்கே? பன்னெண்டு வருசமா அடிக்கிறேன். ரெண்டு விரல் உள்ளார போய் அடிக்கிறதுக்கு எனக்கு இன்னா கண்ணு தெரியலையா?”

நேராகக் கிடங்குக்குப் போனேன். உப்பு போட்ட பச்சைத் தோல்கள் மீதி இருந்தன. ஆணியே படாதவை. அவற்றிலும் அதே உள் வரிசை. ஒன்றில் மட்டும் தலையை வெட்டாமல் விட்டிருந்தார்கள். நோட்டில் குறித்தேன்: தாடை இல்லை. கண் இருக்க வேண்டிய இடத்தில் வெளிறிய புள்ளி. மூக்குத்துளை ஒன்றே ஒன்று. வாயைச் சுற்றி மூன்று ஜோடி மீசை. செதில் இல்லை. முதுகுத் துடுப்பும் இல்லை.

விலாங்குக்குத் தாடை உண்டு. தாடையில்லாத இன்னொரு வகையான லாம்ப்ரேக்கு உறிஞ்சும் வட்ட வாயும் கண்ணும் உண்டு. மிஞ்சியது ஹேக்ஃபிஷ் என்ற ஆழ்கடல் மீன். அந்தத் தோலோடு மேலாளரிடம் போனேன்.

“விலாங்கு இல்லன்னா இன்னா, பாம்பா?” என்றார் மேலாளர்.

“இதுவும் மீனுதான் பாய். மிரண்டா இந்த ஓட்டை வழியாத்தான் கொழகொழன்னு விடும். பொறக்கும்போதே இருக்கிற ஓட்டை.”

“சந்தையில எல்லாரும் விலாங்குன்னுதானே விக்கிறான்?”

“விக்கட்டும் பாய். அக்கா அடிச்ச ஆணி விளிம்புல மட்டும்தான் இருக்குது.”

பச்சைத் தோலை வாங்கி, வரிசை நெடுக விரலால் தடவிக்கொண்டே போனார். “நீ எழுதினத நீயே அடி. அந்தம்மாவ வரச் சொல்லு.”

அடித்துவிட்டு எழுதினேன்: ‘இயற்கைத் துளை, முதல் தரம்.’

திங்கட்கிழமை அக்கா பலகை முன் இருந்தார். “வாயே ஒழுங்கா இல்லாத மீனு எனக்காகப் பேசிச்சாமே?” என்றார், சுத்தியலை நிறுத்தாமல். “அடுத்த தபா எழுதறதுக்கு முன்னாடி என்னாண்ட ஒரு வார்த்த கேளு.”