ரவைத் தாம்பாளம்

மொராக்கோவின் ஊஜ்தா நகரில் குடியிருக்கும் துரியாவின் கடைக்குட்டி சுஹைருக்கு ஆட்டிசம். ஐந்து வயதாகியும் அவன் அம்மா என்று கூப்பிட்டதில்லை. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். கூடவே இருக்கும் இவள் யாரென்று அவனுக்குத் தெரியுமா என்பதுதான் அவளை அரித்தது.

இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பழக்கும் பயிற்சியாளர் புஷ்ரா, தலைநகர் ரபாத்திலிருந்து போனில் வீடியோ வழியே அவனைப் பார்க்கச் சம்மதித்தாள். வெள்ளிக்கிழமை காலை, முதல் நாள். வருகிற ஆளை எங்கே உட்கார வைப்பது? விருந்தறையில்தான். பிள்ளைகள் கால் வைக்கக்கூடாத பட்டு மெத்தையில் துரியா போனைச் சாய்த்து வைத்தாள். முன்னால் பலகாரத் தட்டும் வைத்தாள். சுஹைருக்குப் பெருநாள் உடுப்பு மாட்டி இழுத்து வந்தாள். அவன் கழுத்துப்பட்டையைக் கடித்துக்கொண்டு அலறினான்.

"போனுக்கு டீ ஊத்தலியா?" என்றான் கணவன் மீலூத், வாசலில் நின்று.

"சும்மா இருங்க. ரபாத்துலேர்ந்து வந்திருக்காங்க."

புஷ்ரா சிரித்துவிட்டாள். "லல்லா துரியா, நான் விருந்தாளி இல்ல. நான் வரலேன்னா இந்நேரம் அவன் எங்க இருப்பான்?"

"அடுப்படியில. நான் கூஸ்கூஸ் சோத்துக்கு ரவை உருட்டுவேன். இவன் அள்ளி அள்ளிக் கொட்டி வேலையக் கெடுப்பான்."

"அங்கயே போங்க. அந்த உடுப்பக் கழட்டிடுங்க. எதையும் சொல்லித் தராதீங்க, கூப்பிடாதீங்க. அவன் செய்யறத நீங்களும் செய்யுங்க."

"அந்த அலங்கோலத்தையா காட்டுறது?"

"அதப் பாக்கத்தான எனக்குச் சம்பளம்."

போனை அடுப்படிச் சுவரில் சாய்த்துவிட்டு, அகன்ற மண் தாம்பாளத்தின் முன் அவனோடு உட்கார்ந்ததும் அலறல் நின்றது. அவன் ரவையை அள்ளி விரலிடுக்கில் வழியவிட்டான். அவளும் அப்படியே வழியவிட்டாள். 'இங்க பாருடா' என்று சொல்ல நாக்கு துடித்தது. உதட்டைக் கடித்துக்கொண்டாள். அவன் கையை உயர்த்திக் கொட்டினான். அவளும் உயர்த்தினாள். அவன் நிறுத்தினான். அவளும் நிறுத்தினாள்.

அடுத்த பிடியை அவன் தாம்பாளத்தில் போடவில்லை. அவள் உள்ளங்கையில் கொட்டினான். பிறகு முகத்தை நிமிர்த்தி அவள் கண்ணைப் பார்த்தான். தெரிந்த ஆளைப் பார்க்கிற பார்வை. பெற்ற நாளில்கூடத் துரியா இப்படி மலைத்துப்போனதில்லை. மூச்சு விட்டால் கலைந்துவிடுமோ என்று அசையாமல் இருந்தாள்.

மீலூத் மெல்ல வந்து குந்தி, "எனக்குடா?" என்று கையை நீட்டினான்.

சுஹைர் அந்தக் கையை ஒதுக்கினான். அம்மாவின் கையைத் தேடிப் பிடித்துத் தன் முன்னே இழுத்து வைத்துக்கொண்டான்.

"சரி, சரி. உங்கம்மா கையேதான் வேணுமாக்கும்," என்றான் மீலூத். குரலில் கேலி இல்லை.