புலி தூங்கும் நேரம்

எண்பதுகளின் கடைசி. வண்டலூரில் மிருகக்காட்சிசாலை வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. நான் பம்மலில் ஒரு லேத் பட்டறையில் இரும்பு கடையும் டர்னராக இருந்தேன். வாரத்தில் ஆறு நாள் வேலை, ஞாயிறு மட்டும் லீவு. அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் ஐந்தை ஒரு புலிக்காக நான் தொலைத்த கதை இது. பிள்ளைகளே, நீங்கள் சிரிக்கலாம். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

என் மகள் அப்போது மூன்றாம் வகுப்பு. எதைப் பார்த்தாலும் பயம். பல்லி என்றால் பயம், குக்கர் விசில் என்றால் பயம். வகுப்பில் பதில் தெரிந்தாலும் எழுந்து நிற்க மாட்டாள். டீச்சர் என்னைக் கூப்பிட்டே சொல்லிவிட்டார், இப்படியே விட்டால் பிள்ளை பின்தங்கிவிடும் என்று. நான் எட்டாவதோடு நின்றவன். எனக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். எழுந்து நடக்கிற புலியை ஒரு தடவை பக்கத்தில் பார்த்துவிட்டால், அப்புறம் பல்லியெல்லாம் எந்த மூலைக்கு?

முதல் தடவை மே மாதம் போனோம். கத்திரி வெயில், மணி பன்னிரண்டு. பட்டறையில் காலில் இரும்புத் தடி விழுந்ததிலிருந்து நான் இடது காலை இழுத்து இழுத்துத்தான் நடப்பேன். வாசலிலிருந்து புலி இருக்கும் இடத்துக்குப் போய்ச் சேரவே எனக்கு அரை மணிக்கு மேல் ஆனது. குட்டைச் சுவர், அதைத் தாண்டி அடியில் தண்ணீர் கிடக்கும் ஆழமான பள்ளம், அதற்கு அப்பால் மூங்கில் நிழலில் புலி. அதாவது புலியின் முதுகு. சுற்றி நின்றவர்கள் கத்தினார்கள், விசில் அடித்தார்கள். அது காதைக்கூட ஆட்டவில்லை.

அங்கே வேலை செய்யும் ஊழியர் ஒருவரிடம் அலுத்துக்கொண்டேன்.

"இன்னா சார் நீ, உச்சி வெயில்ல வந்து புலி நிக்கலன்னு பேஜார் பண்ணிகினு கீற. நீ மதியம் துன்னுட்டு இன்னா பண்ணுவ? கட்டைய சாய்ப்பல்ல? அதுக்கு மட்டும் வெயில் இல்லியா?"

கேள்வி நியாயமாகத்தான் இருந்தது. பிறகு அவரே பொறுமையாகச் சொன்னார். வெயில் காலமென்றால் காலையில் திறந்தவுடன் வர வேண்டும். இல்லாவிட்டால் சாயங்காலம் மூடுவதற்கு முன்னால். கூண்டுக்குள் சாப்பாடு வைக்கும் நேரம் நெருங்கினால் அது தானே எழுந்து உலாத்தும். மழைக் காலத்தில் மழை விட்ட கையோடு வரலாம். மார்கழிதான் நல்ல காலம், குளிருக்கு வெயில் காய வெளியே வந்து பத்து மணிக்குக்கூட நடந்துகொண்டிருக்கும். மதியம் மட்டும் எந்த மாதத்திலும் வராதே என்றார்.

வீட்டுக்கு வந்ததும் தினசரி காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் அட்டவணை போட்டேன். எந்த மாதம், எத்தனை மணி, பம்மலில் எந்த பஸ், தாம்பரத்தில் எந்த பஸ், என் காலுக்குக் கூடுதலாக எத்தனை நிமிடம், எல்லாம் எழுதி அலமாரிக் கதவில் ஒட்டினேன். மகளையும் படிக்க வைத்தேன். இரண்டே நாளில் தப்பில்லாமல் ஒப்பித்தாள். "வாய்ப்பாட்டை இப்படி ஒப்பிச்சா தேவல" என்றாள் என் மனைவி.

ஆடி மாத ஞாயிறு ஒன்றில், திறக்கும் நேரத்துக்குப் போய்ச் சேரத் திட்டம். கிளம்பும்போது மகளின் செருப்பைக் காணோம். கட்டிலுக்கு அடியில், மாடிப்படியில், பக்கத்து வீட்டு வாசலில், எங்கேயும் இல்லை. பத்தரை மணிக்கு அரிசி டிரம்முக்குள் கிடைத்தது. அரிசி டிரம்முக்குள் செருப்பு எப்படிப் போகும்? நாங்கள் போய்ச் சேர்ந்தபோது புலி நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

அடுத்தது சாயங்காலத் திட்டம். தாம்பரம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஒழுங்காக வந்தாள். வண்டலூர் பஸ்ஸில் காலை வைக்கும்போது அவசரமாகப் பாத்ரூம் போக வேண்டும் என்றாள். போய் வந்தாள். அடுத்த பஸ் வந்தபோது தாகம். அதற்கடுத்த பஸ் வந்தபோது வாந்தி வருகிற மாதிரி இருக்கிறதாம். கடைசியில் நாங்கள் போய் இறங்கியபோது டிக்கெட் கவுண்டரை மூடிவிட்டார்கள்.

இதற்கு நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊரிலிருந்து என் மச்சான் வந்திருந்தான். சாப்பிட்டு முடித்து மதியம் ஒரு மணிக்கு, "மாமா, வண்டலூர் பாத்துட்டு வந்துரலாமா?" என்றான். இது நேரமில்லை என்று அட்டவணையைக் காட்டினேன். "புலி என்ன உங்களுக்கு டயம் குடுத்துருக்கா? பேசாம கூட்டிட்டுப் போங்க" என்று என் மனைவி அடக்கிவிட்டாள். அன்றைக்கு மட்டும் மகள் எல்லாருக்கும் முன்னால் செருப்பு மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். தூங்கும் புலியை ஆசையாகப் பார்த்துவிட்டு வந்தாள். எனக்கு எரிச்சலான எரிச்சல். புத்தி மட்டும் வேலை செய்யவில்லை.

மார்கழி பிறந்தது. இந்தத் தடவை விடுவதில்லை என்று முடிவு செய்தேன். செருப்பை முந்தின நாளே என் பையில் வைத்துக்கொண்டேன். விடிந்ததும் எழுப்பி, வயிறு வலி, தலைவலி எதையும் காதில் வாங்காமல் பஸ் ஏற்றினேன். வண்டலூரில் கேட் திறந்ததும் உள்ளே போன முதல் கூட்டத்தில் நாங்களும் இருந்தோம். பனி இன்னும் முழுதாக விலகவில்லை. புலி இருக்கும் இடத்துக்கு ஒரு வளைவுதான் பாக்கி. அங்கிருந்து ஆட்கள் பேசுவது கேட்டது, "எந்திரிச்சிடுச்சுடா, நடக்குது பாரு" என்று.

மகள் நடுரோட்டில் உட்கார்ந்துகொண்டாள்.

இழுத்தேன், வரவில்லை. கத்தினேன். அக்கம்பக்கத்தில் நடந்தவர்கள் நின்று பார்த்தார்கள். ஐந்து ஞாயிற்றுக்கிழமைக் கோபமும் ஒன்றாக ஏறி, கையை ஓங்கிவிட்டேன். அதுவரை அவளை அடித்ததில்லை.

"அது முழிச்சிட்டிருக்குப்பா" என்றாள்.

"அதுக்குத்தானடி இவ்ளோ பாடுபட்டு வந்தது."

"பள்ளத்தைத் தாண்டி வந்துடுச்சுன்னா நான் ஓடிடுவேன். நீ எப்படிப்பா ஓடுவ?"

ஓங்கிய கை எப்போது கீழே வந்தது என்று தெரியவில்லை. நானும் அவள் பக்கத்தில் ரோட்டிலேயே உட்கார்ந்தேன். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். செருப்பை டிரம்முக்குள் போட்டது அவள்தான். தாகமும் வாந்தியும் பொய். புலி எந்த மாதம் எந்த நேரத்தில் விழித்திருக்கும் என்று நான்தானே ஒப்பிக்க வைத்தேன்? அந்த நேரங்களையெல்லாம் விட்டுவிட்டு, அது தூங்கும் நேரமாகவோ கேட் மூடிய நேரமாகவோ பார்த்து என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறாள். எட்டு வயதுப் பெண், மே மாதத்திலிருந்து மார்கழி வரை.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. புலிக்கு எப்போது தூக்கம் வரும் என்று ஊரெல்லாம் விசாரித்தேன். என் கையைப் பிடித்து நடந்தவளிடம் என்னம்மா சங்கடம் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"சரி, வீட்டுக்குப் போலாம்" என்றேன். மனசாரத்தான் சொன்னேன்.

அவள் எழுந்திருக்கவில்லை. பள்ளம் எவ்வளவு ஆழம் என்று கேட்டாள். சுத்தம் செய்ய ஆள் இறங்கினால் ஏணி வேண்டும், அவ்வளவு ஆழம் என்றேன். புலி தண்ணீரைப் பார்த்தால் பயப்படுமா என்றாள். அது நீந்தும், ஆனால் அந்தச் சுவரில் ஏற முடியாது என்று உள்ளதைச் சொன்னேன். எழுந்து பாவாடையைத் தட்டிக்கொண்டாள்.

"நான் முன்னாடி போறேன். நீ என் பின்னாடியே வா. நான் சொன்னா உடனே திரும்பிடணும்."

அப்படியே போனோம். கை இரண்டையும் பின்னால் நீட்டி என் வேட்டியைப் பிடித்தபடி, எனக்கும் புலிக்கும் நடுவில் அவள் நடந்தாள். ஒவ்வொரு அடியையும் எண்ணி எண்ணி வைத்தாள். ஆனால் நிற்கவில்லை. சுவர் வரைக்கும் போனாள். புலி பள்ளத்தின் ஓரமாக ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நடந்து, திரும்பி எங்கள் பக்கம் ஒரு பார்வை பார்த்தது. அவள் என்னை இன்னும் ஓரடி பின்னுக்குத் தள்ளினாள்.

அதன் பிறகும் பல்லியைப் பார்த்தால் அலறத்தான் செய்தாள். வகுப்பில் எழுந்து பதில் சொல்ல இன்னும் இரண்டு வருடம் ஆனது. நானும் அவசரப்படுத்தவில்லை. டீச்சர் மறுபடி கூப்பிட்டபோது, நேரம் வந்தால் எழுந்து நிற்பாள் என்று தைரியமாகச் சொல்லிவிட்டு வந்தேன். இன்றைக்கும் யாராவது ஒரு குழந்தையைப் பயந்தாங்கொள்ளி என்று சொன்னால், அது யாருக்காகப் பயப்படுகிறது என்று கேட்டீர்களா என்றுதான் என் வாயில் வருகிறது.