மேஸ்திரி பூசிய எண்ணெய்

ஆம்பூரில் தோல் பதனிடும் ஷெட் வைத்திருந்த ஒரு சாயபுவிடம் நான் மோட்டார் டிரைவராக இருந்தேன். ஊரைவிட்டுப் போன ஒரு வெள்ளைக்கார இஞ்சினியரிடமிருந்து முதலாளி வாங்கிய வண்டி அது. மேலே மடக்குகிற துணிக்கூரை, பக்கங்களில் கண்ணாடிக்குப் பதில் செல்லுலாய்டு ஜன்னல், உள்ளே கருஞ்சிவப்பில் சீமைத்தோல் சீட்டு. எஞ்சினைப் பற்றி யாராவது குறை சொன்னால் பொறுத்துக்கொள்வேன். சீட்டைப் பற்றிச் சொன்னால் சுருக்கென்று கோபம் வந்துவிடும்.

காலையில் எழுந்ததும் முதல் வேலை அந்தச் சீட்டுதான். ரோட்டுப் புழுதி முழுக்கப் பொத்தான் குழிகளிலும் மடிப்புகளிலும் போய் உட்கார்ந்திருக்கும். அதை மெல்லிய பிரஷ்ஷால் தட்டி எடுத்த பிறகுதான் ஈரத்துணி. புழுதியோடு துடைத்தால் தோலில் கீறல் விழும். சோப்பு நுரை படலாம், தண்ணீர் ஓடக் கூடாது. நிழலில் காயவிட்டு, மதராசிலிருந்து டப்பாவில் வரும் மெழுகை விரல்நுனியில் தொட்டுத் தேய்ப்பேன். செல்லுலாய்டு ஜன்னலுக்கு ரோஷம் இன்னும் ஜாஸ்தி. உலர்ந்த துணியால் தேய்த்தால் மங்கிப்போகும், மடித்து வைத்தால் விரிசல் விடும், பீடி நெருப்புப் பட்டால் குபீரென்று பிடித்துக்கொள்ளும். பழைய மல்வேட்டியைக் கிழித்து நனைத்துத்தான் அதைத் தொடுவேன்.

வேறு ஊராக இருந்தால் இதையெல்லாம் நிம்மதியாகச் செய்திருக்கலாம். மற்ற ஊர்களில் மோட்டார் வந்து நின்றால் ஹாரனை அமுக்கிப் பார்ப்பார்கள். ஆம்பூரில் சீட்டைக் கட்டைவிரலால் அமுக்குவார்கள், கிள்ளுவார்கள், முகர்ந்து பார்ப்பார்கள், பிறகு ஆளுக்கொரு தீர்ப்பு சொல்லிவிட்டுப் போவார்கள். தோலைப் பற்றித் தனக்குத் தெரியாது என்று சொல்லும் ஒருவனை அந்த ஊரில் நான் சந்தித்ததே இல்லை.

எல்லோரையும்விட மோசம் எங்கள் ஷெட் மேஸ்திரி. ஆவாரம்பட்டைத் தண்ணீரில் ஊறி எழுந்த தோலுக்கு எண்ணெய் தடவிக் காயவைப்பது அவர் பொறுப்பு. எண்ணெய் தடவாத தோலைக் கண்டால், சாப்பிடாமல் படுத்துவிட்ட பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார்.

"இன்னா டிரைவர், தோலு காஞ்சு கெடக்குது. ஒரு கை எண்ணெய் காட்டுனா இன்னா?"

"இது சீமைத்தோலு மேஸ்திரி. மேல பாலிஷ் போட்டிருக்கான். எண்ணெய் குடிக்காது."

"குடிக்காத தோலை நான் பார்த்ததே இல்ல" என்று சொல்லிவிட்டு, மனசில்லாமல் போவார். கார் கொட்டகைச் சாவி ஒன்று அவரிடமும் இருந்தது. அதை நான் அப்போது பெரிதாக நினைக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் அணைக்கட்டு என்ற ஊருக்குப் பக்கத்தில் எனக்குப் பெண் பார்த்தார்கள். விவசாயக் குடும்பம். பெண்ணின் அப்பாவுக்கு என்னைப் பிடித்துவிட்டது. அம்மாவுக்கு ஒரே ஒரு விஷயம் தொண்டையில் நின்றது.

"தோல் ஷெட்டு ஆளுன்னா வேணாம்மா" என்று என் அக்காவிடம் முகத்துக்கு நேரே சொன்னாள். "அந்த நாத்தத்துல எம்பொண்ணு எப்படி சோறு துன்னுவா?"

எனக்குத் தாய் தகப்பன் இல்லாததால் எல்லாப் பேச்சும் அக்காதான். "என் தம்பி ஷெட்டுக்குள்ள காலே வெக்கிறதில்ல. மோட்டார் டிரைவரு" என்றாள். அதில் பொய் ஒன்றும் இல்லை. நான் குடியிருந்த அறைக்கும் ஷெட்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான் என்பதை மட்டும் அவள் சொல்லவில்லை. அவர்கள் வீடு பார்க்க வந்த அன்று காற்றும் என் பக்கம் இருந்தது, ஷெட் வாடையை அந்தப் பக்கமாகத் தள்ளிக்கொண்டு போயிற்று. கல்யாணம் நிச்சயமானது. பெண்ணை அழைத்துவர முதலாளி தாமாகவே வண்டியைக் கொடுத்தார்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் முழுக்க அக்கா வீட்டில் நலங்கு. மறுநாள் விடிவதற்கு முன், கருக்கலில் வண்டியை எடுக்கப் போனேன். கொட்டகைக் கதவைத் திறந்ததும் மூக்கில் அறைந்தது போல் ஒரு நாற்றம். புங்கெண்ணெயும் மீனெண்ணெயும் கலந்து காய்ச்சிய, குதிரைச் சேணத்துக்குப் போடுகிற எண்ணெய். சீட்டு முழுக்க, முதுகு சாயும் இடம் முழுக்க, கதவின் உள்பக்கம்வரை பளபளவென்று பூசியிருந்தது. பக்கத்தில் மேஸ்திரி புதுச் சட்டை போட்டுக்கொண்டு நின்றிருந்தார்.

"கல்யாண மாப்பிள்ளைக்கு நம்மால ஆனது" என்றார். "இப்ப பாரு, தோலு எப்படி சிரிக்குதுன்னு."

எனக்கு வந்த ஆத்திரத்தில் வயது, மரியாதை எதுவும் பார்க்கவில்லை. "என் கல்யாணத்துக்குக் கொள்ளி வெச்சிட்டீங்களே மேஸ்திரி" என்று கத்தினேன். மாமியார் போட்ட நிபந்தனையைச் சொன்னதும் அவர் முகம் செத்துவிட்டது. ஓடிப்போய் ஒரு மூட்டை தவிட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

இருவருமாகத் தவிட்டைச் சீட்டில் கொட்டித் தேய்த்தோம். தவிடு எண்ணெயை உறிஞ்சிக் கட்டிகட்டியாகத் திரண்டது. அதை வழித்துப் போட்டுவிட்டு மறுபடி தேய்த்தோம், பிறகு சோப்பு நுரை, பிறகு துணி. நான் சொன்னது சரிதான், தோல் துளிகூடக் குடித்திருக்கவில்லை. ஆனால் பொத்தான் குழி வழியாகவும் தையல் வழியாகவும் இறங்கி, உள்ளே அடைத்திருந்த குதிரைமயிர் வயிறு முட்டக் குடித்திருந்தது. அதை எடுத்துத் துவைக்க அன்று நேரமில்லை. சலவை வேட்டியை நாலாக மடித்துச் சீட்டின்மேல் விரித்தேன். மேஸ்திரி ஒரு கூடை மல்லிகையைக் கொண்டுவந்து உள்ளே சரம்சரமாகக் கட்டினார். மீனும் மல்லிகையும் சேர்ந்து எப்படி மணக்கும் என்பதை அனுபவித்தவர்கள் கம்மிதான்.

பெண்ணின் ஊரில் முகூர்த்தம் நல்லபடியாக முடிந்தது. நான் தாலி கட்டியபோதுகூடப் பாதி நினைவு வண்டியிடம்தான் இருந்தது. நிழலில் நிறுத்திவிட்டுத்தான் வந்தேன். பந்தி முடிவதற்குள் வெயில் நகர்ந்து வந்து அதன்மேல் நன்றாக ஏறிக்கொண்டது. இனி சூட்டில் உள்ளே இருக்கிற எண்ணெயெல்லாம் கசிந்து மேலே வரும். தாலி ஏறிய கல்யாணம் அதனால் நின்றுவிடாது. ஆனால் ஏமாற்றிப் பெண்ணெடுத்தார்கள் என்று அந்த அம்மாள் முடிவு கட்டிவிட்டால், என் வாசலை மிதிக்க மாட்டாள். மறுவீட்டுக்கு வருகிற மகளைத் திருப்பி அனுப்புவாளா என்பதும் சந்தேகம்தான்.

புறப்படும் நேரம் வந்தது. அக்காவும் பெண்ணும் பின்சீட்டில் ஏறினார்கள். வழியில் புழுதி பட்டுப் புடவையில் படக் கூடாது என்று பெரியவர்கள் சொல்லிவிட்டதால் பக்க ஜன்னல்களையும் மாட்ட வேண்டியதாயிற்று. மாலையோடு நான் ஸ்டியரிங்கின் முன் உட்கார்ந்ததைப் பார்த்து ஊரே சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன். அப்போதுதான் மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மகளின் கன்னத்தைத் தொடுவதற்காக, இன்னும் சாத்தாத கதவு வழியாகத் தலையை உள்ளே நீட்டினாள். நீட்டிய தலை அப்படியே நின்றது. மூக்கு இரண்டு தடவை விடைத்தது.

"இன்னாடி நாத்தம் இது?"

அக்கா என்னைப் பார்த்தாள். பதில் வந்தது, அதுவரை நான் குரலையே கேட்டிராத பெண்ணிடமிருந்து.

"மோட்டாருன்னா இப்படித்தாம்மா இருக்கும். எண்ணெயில ஓடுற வண்டிதானே. டவுன்ல எல்லா வண்டியும் இப்படித்தான்."

இவ்வளவு நிதானமாகச் சொன்ன அவள் அன்றுவரை மோட்டாரில் ஏறியதே இல்லை.

"அப்படியா?" என்றாள் அம்மா, சந்தேகத்தோடு.

"ஆமாம்மா. கொஞ்ச நேரத்துல பழகிடும். நீ அழாத, போ."

மாமனாரும் பக்கத்திலிருந்து, "மோட்டார்னா எண்ணெய் நாத்தம் இருக்காதா பின்ன" என்று தலையாட்டினார். அந்த அம்மாள் மகளின் தலையைத் தடவிக் கொடுத்து விலகிக்கொண்டாள். நான் வண்டியைக் கிளப்பினேன்.

ஊர்க்கோடி ஏரிக்கரையைத் தாண்டிப் பள்ளிகொண்டா ரோட்டில் திரும்பும்வரை பின்னால் ஒரு சத்தமும் இல்லை. பிறந்த ஊரை நினைத்து அழுகிறாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு ஓட்டினேன். பிறகு மெதுவாக அவள் குரல் கேட்டது.

"அண்ணி, எங்க ஊர் எல்லை தாண்டிட்டோமா?"

"தாண்டியாச்சும்மா. ஏன்?"

"எங்க ஊர் ஆளுங்க யாரும் பின்னால வர்லியே?"

அக்கா திரும்பிப் பார்த்துவிட்டு, "ஒருத்தரும் இல்ல" என்றாள்.

"அப்போ வண்டிய நிறுத்தச் சொல்லுங்க அண்ணி. எனக்கு வாந்தி வருது."